டெலஸ்கோப்பை நிறுத்தி அலைன் செய்வது: எது முதலில், எவ்வளவு துல்லியம் போதும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத்தூரம் உள்ள, கண்ணாடிகளால் ஒளியைக் குவிக்கும் நியூட்டோனியன் டெலஸ்கோப். ஈக்வடோரியல் மவுண்ட், அதாவது ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக வைக்கக்கூடிய தாங்கி. கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்கள்), பெருக்கத்தை இருமடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்று. வியாழன் பக்கம் திருப்பினால் சாம்பல் நிறத்தில் ஒரு வளையமும் நடுவில் கறுப்புப் பொட்டும்தான் தெரிகிறது, அதுவும் ஒரு நிமிஷத்தில் ஓடிப்போய்விடுகிறது. போலார் அலைன்மெண்ட் (மவுண்டின் அச்சை வானத்தின் துருவத்துக்கு நேராக வைப்பது) சரியில்லையா, இல்லை கண்ணாடியே கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் இல்லை. அந்த வளையம் ஃபோகஸ் ஆகாத பிம்பம், அவ்வளவுதான். நடுவில் உள்ள கறுப்புப் பொட்டு, குழாயின் வாய்ப்பக்கம் மாட்டியிருக்கும் சிறிய இரண்டாம் கண்ணாடியின் நிழல். ஃபோகஸர் குமிழை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், வளையம் எந்தப் பக்கம் திருப்பினால் சுருங்குகிறதோ அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் தெளிவான சிறு வட்டமாக நிற்கும். ஓடிப்போவதற்குக் காரணம் பூமியின் சுழற்சி. வானம் 4 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி நகர்கிறது. ஒரு நிமிஷத்தில் ஓடுகிறது என்கிறீர்களே, அப்படியானால் 10 மி.மீ. ஐபீஸையும் பார்லோவையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது 130 மடங்கு பெருக்கம். அதில் தெரியும் வானத்தின் அகலம் 0.4 டிகிரிகூட வராது, முழு நிலவே உள்ளே அடங்காது. அதில் ஒரு கோளைத் தேடிப் பிடிப்பது பழகியவர்களுக்கே கஷ்டம்.

ஆகவே முதல் விதி: எப்போதும் 25 மி.மீ. ஐபீஸில் தொடங்குங்கள். பெருக்கம் என்பது குவியத்தூரத்தை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் வருவது, 650-ஐ 25-ஆல் வகுத்தால் 26. எண் பெரிதாக ஆக, பெருக்கம் குறையும், பார்வைப் பரப்பு விரியும். 26 மடங்கு குறைவு என்று தோன்றலாம், ஆனால் கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது சுமார் 20 மடங்கு பெருக்கத்தில்தான், அதுவும் உங்களிடம் உள்ளதைவிட மிகச் சாதாரணமான லென்ஸில். பொருளை நடுவில் கொண்டுவந்து ஃபோகஸ் செய்தபிறகு 10 மி.மீ.க்கு மாறுங்கள். பார்லோ கடைசியில், காற்று அமைதியாக இருக்கும் இரவில் மட்டும்.

சரி, அலைன்மெண்டுக்கு வருவோம். சரிபார்க்க வேண்டியவை மூன்று, மூன்றும் தனித்தனி வேலை. குறிபார்ப்பதற்காகக் குழாயின்மேல் மாட்டியிருக்கும் ஃபைண்டர், குழாயோடு ஒத்துப்போக வேண்டும். கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். மவுண்டின் அச்சு வானத்தின் துருவத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கியவர்கள் மூன்றாவதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள், ஆனால் கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு முதலாவதுதான் உயிர்நாடி. ஃபைண்டர் சரியாக இல்லாவிட்டால் மற்ற இரண்டும் எவ்வளவு துல்லியமாக இருந்தும் எதுவும் ஐபீஸுக்குள் வந்து சேராது.

ஃபைண்டர் வேலையைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். இருட்டில் செய்தால் குறிவைத்த நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருக்கும், திருகும் கண்ணுக்குத் தெரியாது. குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அசையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு செல்போன் கோபுரத்தின் உச்சி, மின்கம்பத்தின் முனை, எதுவானாலும் சரி. பக்கத்தில் உள்ள பொருள் உதவாது, ஏனென்றால் ஃபைண்டரும் குழாயின் மையமும் ஒரு சாண் அளவு விலகி இருக்கின்றன. 100 மீட்டர் தூரத்தில் அந்த விலகல் 5 ஆர்க் மினிட் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் மினிட்) பிழையாக வரும், ஒரு கிலோமீட்டரில் அதில் பத்தில் ஒரு பங்குதான். முதலில் 25 மி.மீ. ஐபீஸில் கோபுர உச்சியை நடுவில் கொண்டுவந்து இரண்டு அச்சுகளையும் பூட்டுங்கள். பிறகு குழாயைத் தொடாமல் ஃபைண்டரின் திருகுகளை மட்டும் திருப்பி, சிவப்புப் புள்ளியோ குறுக்குக் கோடோ அதே உச்சியில் விழும்படி வையுங்கள். அப்புறம் 10 மி.மீ. போட்டு இன்னொரு முறை. படம் தலைகீழாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நியூட்டோனியனில் அது இயல்பு. இரவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை வைத்து ஒருதடவை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

பகல் வேலை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது. ஒரு கணம் போதும், பார்வை நிரந்தரமாகப் போய்விடும், வலி தெரியாது என்பதால் கண்ணை எடுக்கவும் தோன்றாது. ஃபைண்டர் ஒரு சிறு டெலஸ்கோப்பாக இருந்தால் அதற்கும் மூடி போட்டு வையுங்கள். பெட்டியில் ஐபீஸின் அடியில் திருகி மாட்டும் சிறிய சூரிய வடிகட்டி இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள், குவிந்த வெப்பத்தில் அது வெடித்து உடையும். சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் குழாயின் முன்வாயை முழுவதும் மூடும், அதற்கென்றே தயாரித்த வடிகட்டி வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் டெலஸ்கோப்பை வெயிலில் தனியாக விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள்.

அடுத்தது மவுண்டை நிறுத்துவது. முக்காலியின் கால்களை முழுநீளத்துக்கு இழுக்காதீர்கள். எவ்வளவு குட்டையாக நிற்கிறதோ அவ்வளவு ஆட்டம் குறையும், உட்கார்ந்து பார்ப்பது கண்ணுக்கும் நல்லது, உட்கார்ந்திருக்கும்போது நுணுக்கமான விவரம் அதிகம் பிடிபடும். எதிர் எடையை முதலில் மாட்டி, தண்டின் நுனியில் உள்ள பாதுகாப்புத் திருகையும் போட்டுவிட்டு, அதன்பிறகே குழாயை வையுங்கள். கழற்றும்போது குழாய் முதலில். இந்த வரிசை மாறினால் மவுண்ட் சாய்ந்து குழாய் தரையில் மோதும். பிறகு ஆர்.ஏ. அச்சின் (வானம் நகரும் கிழக்கு மேற்குத் திசையில் குழாயைத் திருப்பும் அச்சு) பூட்டைத் தளர்த்தி, எடைத்தண்டைக் கிடைமட்டமாகப் பிடித்து, கையை விட்டாலும் அசையாமல் நிற்கும்வரை எடையை நகர்த்துங்கள். டெக் அச்சுக்கும் (குழாயை வடக்கு தெற்காகத் திருப்பும் அச்சு) அப்படியே, இங்கே குழாயை வளையங்களுக்குள் முன்னும் பின்னும் தள்ளிச் சரிசெய்ய வேண்டும். ஐபீஸ், ஃபைண்டர் எல்லாவற்றையும் மாட்டிய பிறகுதான் இந்தச் சமநிலையைப் பார்க்க வேண்டும். சமநிலை இல்லாத மவுண்டில் மோட்டாரின் பற்சக்கரங்கள் சீக்கிரம் தேயும், கையால் திருப்பும்போதும் பொருள் துள்ளித் துள்ளி நகரும்.

இனி போலார் அலைன்மெண்ட். ஈக்வடோரியல் மவுண்டின் ஆர்.ஏ. அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக வைத்துவிட்டால், அதன்பின் அந்த ஓர் அச்சை மட்டும் திருப்பினாலே பொருள் பார்வையில் நிற்கும். பயன் அவ்வளவுதான். வட அரைக்கோளத்தில் இருந்தால் அச்சு உண்மையான வடக்கைப் பார்க்க வேண்டும், அதன் சாய்வு நீங்கள் இருக்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுவே ஏறத்தாழ உங்கள் அட்சரேகை. மவுண்டின் பக்கவாட்டில் உள்ள அளவுகோலில் அந்த எண்ணை வையுங்கள். பிறகு டெக் அச்சை 90 டிகிரியில் நிறுத்துங்கள், அதாவது குழாய் ஆர்.ஏ. அச்சுக்கு இணையாக இருக்கும். இப்போது உயரத் திருகையும் பக்கவாட்டுத் திருகையும் மட்டும் திருப்பி, துருவ நட்சத்திரத்தை 25 மி.மீ. ஐபீஸின் நடுவில் கொண்டுவாருங்கள். பலர் இந்த இடத்தில் ஆர்.ஏ., டெக் குமிழ்களைத் திருப்பித் துருவ நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் குழாய்தான் துருவத்தைப் பார்க்கும், மவுண்டின் அச்சு எங்கேயோ நிற்கும்.

துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை, 0.6 டிகிரிக்குச் சற்று மேல் விலகியிருக்கிறது, நிலவின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். உண்மையான துருவம் அங்கிருந்து கோச்சாப் என்ற நட்சத்திரம் இருக்கும் திசையில் உள்ளது, சிறு கரடி மண்டலத்தில் துருவ நட்சத்திரத்துக்கு அடுத்துப் பளிச்சென்று தெரிவது அதுதான். ஆனால் இந்தத் திருத்தம் உங்களுக்குத் தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அச்சு 1 டிகிரி தவறாக இருந்தால், மிக மோசமான நிலையிலும் பொருள் நிமிடத்துக்கு 16 ஆர்க் செகண்ட் (ஆர்க் மினிட்டில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட்) அளவுதான் வடக்கிலோ தெற்கிலோ விலகும். உங்கள் 10 மி.மீ. ஐபீஸில் தெரியும் பரப்பு 46 ஆர்க் மினிட் இருக்கும். நடுவில் வைத்த வியாழன் அந்த விலகலால் மட்டும் ஓரத்துக்குப் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். இடையில் டெக் குமிழை ஒருதடவை லேசாகத் திருப்பினால் தீர்ந்தது. கண்ணால் பார்ப்பதற்காக அரைமணி நேரம் போலார் அலைன்மெண்டோடு போராடுவது வீண் என்பது என் உறுதியான கருத்து, ஐந்து நிமிடத்துக்குமேல் செலவிடாதீர்கள், மிச்ச நேரத்தில் வானத்தைப் பாருங்கள்.

படம் எடுப்பவர்கள் கதை வேறு. அதே 16 ஆர்க் செகண்ட் விலகல், 650 மி.மீ. குவியத்தூரத்தில் சாதாரணக் கேமரா சென்சாரில் ஒரு நிமிட எக்ஸ்போஷருக்குப் பன்னிரண்டு பிக்ஸல் கோடாக நீளும், நட்சத்திரம் எல்லாம் கோடுகோடாக வரும். 5 ஆர்க் மினிட்டுக்குள் கொண்டுவந்தால் அது ஒரு பிக்ஸல் அளவுக்கு இறங்கிவிடும். அதற்கு மவுண்டின் அச்சுக்குள் பொருத்திய போலார் ஸ்கோப் வேண்டும், அல்லது கேமராவை வைத்து வானத்தின் படத்தைக் கணினி அடையாளம் கண்டு சொல்லும் முறை வேண்டும், அல்லது நட்சத்திரம் நழுவும் திசையைப் பார்த்து அச்சைத் திருத்தும் பழைய டிரிஃப்ட் முறை. இந்தக் கடைசி முறைக்குத் துருவ நட்சத்திரமே தேவையில்லை என்பதால் எனக்கு அதன்மீது தனி மரியாதை. மோட்டாரை ஓடவிட்டு, தெற்கே உச்சிக்கோட்டருகில் (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு), வான நடுவரைக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் உள்ள கோடு) பக்கத்தில் உள்ள ஒரு நட்சத்திரத்தை அதிகப் பெருக்கத்தில் நடுவில் வையுங்கள். அது கிழக்கு மேற்காக நகர்வதைப் பொருட்படுத்த வேண்டாம். தெற்கே நழுவினால் அச்சு கிழக்குப் பக்கம் அதிகம் போயிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்குப் பக்கம். அதைப் பக்கவாட்டுத் திருகால் சரிசெய்துவிட்டு, கிழக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே உள்ள நட்சத்திரத்துக்குப் போங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. ஐபீஸில் எது வடக்கு என்று குழப்பமாக இருந்தால், குழாயை வடக்கு நோக்கி லேசாகத் தள்ளுங்கள், புதிய நட்சத்திரங்கள் உள்ளே வரும் பக்கம்தான் வடக்கு. நான் சொன்ன திசைகள் வட அரைக்கோளத்துக்கு.

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பவர்களுக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்தின் புழுதிக்குள்ளும் கட்டடங்களுக்குப் பின்னாலும் மறைந்துவிடும். தென் அரைக்கோளத்தில் அச்சைத் தெற்கு நோக்கித் திருப்ப வேண்டும், அங்கே துருவத்துக்கு அருகில் இருக்கும் சிக்மா ஆக்டண்டிஸ் வெறும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக இருக்கும் மங்கலான நட்சத்திரம். இவர்களுக்குச் சூரிய நிழல் கைகொடுக்கும். சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் சரியான நடுநேரத்தைக் கணக்கிட்டு, அந்த நேரத்தில் ஒரு தூக்குநூலின் நிழல் விழும் கோட்டைத் தரையில் சுண்ணாம்பால் போட்டு வையுங்கள், அது துல்லியமான வடக்கு தெற்குக் கோடு. சூரியன் நேர் உச்சியில் வரும் நாட்களில் மட்டும் இது ஆகாது. போனில் உள்ள திசைகாட்டியைவிட இதையே நான் நம்புவேன். மவுண்டின் இரும்பு திசைகாட்டியைக் குழப்பிவிடும், காந்த வடக்கும் உண்மையான வடக்கும் பல இடங்களில் சில டிகிரி வேறுபடும். இன்னொன்று, அட்சரேகை குறைவான இடங்களில் சில மவுண்ட்களின் எடைத்தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். பகலிலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பும் டாப்சோனியனோ சாதாரண ஆல்ட்-அசிமுத் மவுண்டோ வைத்திருப்பவர்கள் மேலே உள்ள போலார் அலைன்மெண்டை அப்படியே மறந்துவிடலாம். தானே பொருளைத் தேடிப் போகும் கோடூ மவுண்ட் என்றால், அதன் கைக்கருவியில் தேதியின் நாளும் மாதமும் இடம் மாறாமல், நேர மண்டலம் சரியாக, அட்சரேகை தீர்க்கரேகை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 10.5 டிகிரி என்பது 10 டிகிரி 30 மினிட், 10 டிகிரி 50 மினிட் அல்ல. பிறகு இரண்டு நட்சத்திரங்களை வானத்தில் நன்றாகத் தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுங்கள். சுவாதியும் அபிஜித்தும், ரோகிணியும் மகமும் மாதிரி, கருவியின் பட்டியலில் ஆர்க்டியூரஸ், வேகா, ஆல்டெபரான், ரெகுலஸ் என்று இருக்கும். தலைக்கு நேர் மேலே உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். நடுவில் நிறுத்தும்போது கடைசி அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் முடிய வேண்டும், இல்லையென்றால் பற்சக்கர இடைவெளியே பிழையாகப் பதிவாகிவிடும்.

இப்போது கண்ணாடிகள். கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று நேராக்கும் கோலிமேஷன் என்று கேட்டதுமே பயந்து, திருகுகளைத் தொடாமலேயே வருடக்கணக்கில் மங்கலான படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். உங்கள் டெலஸ்கோப் எஃப்/5 (குவியத்தூரம் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு) என்பதால் கண்ணாடி கொஞ்சம் விலகினாலும் படம் கெடும். சோதிப்பது சுலபம், நீங்கள் பார்த்துக் கவலைப்பட்ட அதே வளையம்தான் இங்கே கருவி. குழாய் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்தபிறகு நடுத்தரப் பிரகாசமுள்ள ஒரு நட்சத்திரத்தை 10 மி.மீ. ஐபீஸின் நடுவில் வைத்து ஃபோகஸை லேசாகக் கலையுங்கள். கறுப்புப் பொட்டு வளையத்தின் சரியான நடுவில் இருந்தால் எதையும் தொட வேண்டாம். ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால், குழாயை அசைத்து நட்சத்திரத்தைப் பார்வைப் பரப்பில் அங்குமிங்கும் கொண்டுபோய், வளையம் சீராகத் தெரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பார்வையின் நடுவுக்கு அதைக் கொண்டுவருவதற்குக் குழாயைத் திருப்பாமல், குழாயின் அடியில் உள்ள பெரிய கண்ணாடியின் மூன்று திருகுகளைத் திருப்புங்கள். பூட்டுத் திருகுகள் தனியாக இருந்தால் முதலில் அவற்றைத் தளர்த்த வேண்டும். ஒரு சமயத்தில் கால் சுற்றுக்குமேல் வேண்டாம். ஒருவர் ஐபீஸில் கண்ணை வைத்துச் சொல்லச் சொல்ல இன்னொருவர் திருகினால் பத்து நிமிட வேலை.

இரண்டாம் கண்ணாடியின் திருகுகளைத் தேவையில்லாமல் தொடாதீர்கள், அது அடிக்கடி விலகுவதில்லை. பகலில் ஃபோகஸர் வழியாக நேரே பார்க்கும்போது அதன் நிழல் பெரிய கண்ணாடிப் பக்கமாகச் சற்று ஒதுங்கித் தெரிவதும் எஃப்/5 குழாயில் இயல்பானதே.

வெப்பநிலை என்றேன், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 130 மி.மீ. கண்ணாடிக்கு அரைமணி நேரம், 200 மி.மீ. என்றால் ஒரு மணி நேரம் வெளியில் ஆறவிடுங்கள். அதுவரை குழாய்க்குள் எழும் வெப்பக்காற்றால் படம் கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளியும், ஃபோகஸ் பிடிக்கவே பிடிக்காது. பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் தரையைவிடப் புல்தரையோ மண்தரையோ நல்லது. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பது எந்தச் சூழலிலும் சரிவராது. கண்ணாடியில் பனி படிந்தால் துடைக்காமல், குழாயைச் சாய்த்துவைத்துத் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் அலுமினியப் பூச்சில் கீறல் விழும்.

முதல் இரவுக்கு நிலா போதும், ஆனால் பௌர்ணமி நிலா வேண்டாம். வளர்பிறையில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டோரம்தான் பள்ளங்களின் நிழல் நீண்டு தெரியும். பிறகு வியாழன். சனியைப் பார்த்து வளையம் மெலிந்திருக்கிறதே என்று டெலஸ்கோப்பைச் சந்தேகிக்க வேண்டாம், 2025 மார்ச்சில் பூமி அந்த வளையத்தின் தளத்தைக் கடந்தது, அதனால் அதையொட்டிய காலத்தில் வளையம் கோடுபோலத் தெரிந்தது, அதன்பின் மெல்ல மெல்ல விரிந்துகொண்டு வரும். மங்கலான விண்முகில்களுக்குக் கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும், இடையில் ஒருதடவை போனை வெளிச்சமாகத் திறந்தாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

எடுத்து வைப்பதற்குமுன் ஒரு சின்ன வேலை. முக்காலியின் மூன்று கால்களும் நின்ற இடத்தில் தரையில் அழியாத குறி போட்டு, எந்தக் கால் எந்தக் குறி என்பதையும் காலிலேயே எழுதிவிடுங்கள். கால்களின் நீளத்தையும் உயரத் திருகையும் கலைக்காமல் வைத்தால், அடுத்த இரவில் முக்காலியைக் குறியில் நிறுத்தியதுமே போலார் அலைன்மெண்ட் கண்ணால் பார்க்கப் போதுமான அளவுக்கு வந்துவிடும்.